புரை

'புரை' என்பதற்கு உள்துளை, மடிப்பு, குற்றம் எனப் பல பொருள். புரையோடிய புண்ணில் அது உள்துளை. திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் குற்றம். 'கண்புரை' என்றதும் மடிப்பு, அதாவது படலம் என்ற பொருளே மனத்தில் நிற்கிறது, குழப்பமும் அங்கேதான். அழகர்கோவில் பக்கப் பேச்சில் அது "கண்ணுல சதை வளர்ந்திருச்சு" என்றாகிவிடும். உண்மையில் கண்மேல் எதுவும் வளர்வதில்லை. பாவைக்குப் பின்னுள்ள வில்லையே பால்போலக் கலங்குகிறது. ஆகவே சொட்டு மருந்தால் கரையாது. வில்லையையே மாற்ற வேண்டும். மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பெயர்பெற்றது இச்சிகிச்சையால்தான். அதன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் 1992 முதல் மலிவு விலையில் செயற்கை வில்லைகளைச் செய்கிறது. புரை முற்றினால் முழு இருள் என்பதும் பிழை. பெரும்பாலும் வெளிச்சம் தெரியும், உருவம்தான் தெரியாது.