கையெழுத்து பொய், சான்றிதழ் பளபள: தப்பு யாரோடது?

கோச்சடையில இருந்து பேசுறேன். இந்த வாரம் ஒரு பேட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

எங்க வீட்டு ஹால்ல, சாமி படங்களுக்கு எதிர்ச் சுவத்துல, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள்ள ஒரு கிரிக்கெட் பேட் தொங்குது. அதுல ஒரு பெரிய கிரிக்கெட் வீரரோட கையெழுத்து. அப்பா ரிட்டயர் ஆனப்ப என் முதல் போனஸ்ல ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தேன். கூடவே ஹோலோகிராம் ஒட்டின ஒரு சான்றிதழ். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா காபிக்கு முன்னாடி அந்த பேட்டைத்தான் காட்டுவார்.

மூணு மாசத்துக்கு முன்னாடி வேற ஒருத்தர் விக்கிற பேட்டோட படம் கண்ணுல பட்டுச்சு. அதே வீரர், அதே கையெழுத்து. ரெண்டு படத்தையும் ஒன்னு மேல ஒன்னா வச்சுப் பார்த்தேன். சாய்வு, வளைவு, பேனா தூக்கின இடம், எல்லாம் அச்சு அசலா பொருந்துச்சு. மனுஷன் கை ரெண்டு தடவை அப்படி எழுதாது. நம்ம பேங்க் செக்ல போடுற கையெழுத்தே தடவைக்குத் தடவை மாறுது. வித்தவரோட நம்பருக்கு அடிச்சா போகல.

இதுல சிக்கல் என்னன்னா, காளவாசல்ல ஸ்போர்ட்ஸ் கடை வச்சிருக்கற எங்க பெரியப்பா மகன், "தம்பி, அந்த பேட்டை எனக்குக் குடு, முப்பதாயிரம் தர்றேன், கடையில மாட்டணும்"னு கேட்டுட்டு இருக்கார். அப்பாவுக்கு விஷயம் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அப்போ இந்தப் பொய்யில என் பங்கு எவ்வளவு? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

அஞ்சு ரூபா கையெழுத்து

பிரபலங்களோட கையெழுத்துக்கு விலை இருக்குங்கிறது புது விஷயம் இல்ல. காந்தி தன்னோட ஆட்டோகிராஃபுக்குக் காசு வாங்கினார். அஞ்சு ரூபா குடுத்தா கையெழுத்து, அந்தக் காசு ஹரிஜன நிதிக்குப் போகும். அந்தக் காலத்துல அஞ்சு ரூபா பெரிய தொகை. நம்ம மதுரைக்கு அவர் அஞ்சு தடவை வந்திருக்கார். 1921 செப்டம்பர்ல மேலமாசி வீதி வீட்டுல தங்கியிருந்தப்பதான் அரைவேட்டிக்கு மாறினார். தமிழ்லயும் கையெழுத்துப் போடுவார்.

அந்த முறையில ஒரு விஷயத்தைக் கவனிங்க. கையெழுத்துப் போடுறவர் எதிர்ல உட்கார்ந்திருக்கார். நீங்க நோட்டை நீட்டுறீங்க, உங்க கண்ணு முன்னாடி எழுதுறார். நடுவுல யாரும் இல்ல. சான்றிதழ் தேவையில்ல, ஏன்னா சாட்சி நீங்கதான். அந்த நோட்டு கைமாறி, பார்க்காத ஒருத்தர் பார்க்காத இன்னொருத்தருக்கு விக்கும்போதுதான் "இது நிஜம்னு யார் சொல்றது?"ங்கிற கேள்வி வருது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதையே தொழிலா எடுத்துக்கிட்டவங்களும் அங்கதான் வர்றாங்க.

அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்

1990கள்ல அமெரிக்காவுல விளையாட்டு நினைவுப் பொருள் வியாபாரம் ஓகோன்னு போய்ட்டிருந்துச்சு. சான் டியேகோல டோனி க்வின்னு ஒரு பேஸ்பால் நட்சத்திரம். தன்னோட டீம் கடையிலேயே, தான் போடாத தன் கையெழுத்து விலைக்கு இருக்கறதை அவர் பார்த்துட்டார். எஃப்.பி.ஐ. ரகசியமா உள்ள நுழைஞ்சு விசாரிச்சது. அதுக்குப் பேரு 'ஆபரேஷன் புல்பென்'.

1999 அக்டோபர்ல ஒரே நேரத்துல பல இடங்கள்ல சோதனை. ஒரே குடும்பத்தை மையமா வச்சு ஒரு தொழிற்சாலை மாதிரியே நடந்திருக்கு. கிரெக் மரினோங்கிறவர் எழுதுவார், மத்தவங்க விப்பாங்க. 1948லயே இறந்துபோன பேப் ரூத்தோட கையெழுத்தை எல்லாம் புதுசா 'உற்பத்தி' பண்ணியிருக்காங்க. பந்து பழசா தெரியணும்னு அதுக்கு மெருகெண்ணெய் பூசுவாங்க. பழைய புத்தகங்கள்ல இருந்து வெத்துப் பக்கத்தைக் கிழிச்சு எழுதுவாங்க. பிடிபட்ட பொருள்ல அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பாலும் இருந்துச்சு. கொல்கத்தாவுல தொழுநோயாளிகளுக்குச் சேவை செஞ்ச அம்மா, பேஸ்பால்ல எதுக்குக் கையெழுத்துப் போடணும்னு வாங்கினவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும்.

ஏன் யோசிக்கல? ஏன்னா கூடவே சான்றிதழ் இருந்துச்சு. கையெழுத்து நிபுணர்கள்னு சொல்லிக்கிட்டவங்க அசல்னு எழுதிக் குடுத்த தாள். அந்த விசாரணை முழுசா முடியறப்ப 60 பேருக்கு மேல குற்றவாளி ஆனாங்க. எழுதினவங்க, வித்தவங்கன்னு பலர் மாட்டினாங்க. ஆனா 'அசல்'னு சொன்ன தாள் மேல இருந்த மயக்கம் மட்டும் போகல. இன்னைக்கும் அந்தச் சந்தை சான்றிதழ்லதான் ஓடுது.

என் தொழில்ல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். நீங்க ஒரு வெப்சைட்டுக்குப் போறப்ப பிரவுசர் அதை நம்புறதுக்குக் காரணம், வேற ஒரு நிறுவனம் அந்த சைட்டுக்குக் குடுத்த டிஜிட்டல் சான்றிதழ். 2011ல டிஜிநோட்டார்னு ஒரு டச்சு சான்றிதழ் நிறுவனத்துக்குள்ள ஹேக்கர் புகுந்து, கூகுள் பேர்ல போலிச் சான்றிதழ் எடுத்துட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் எல்லா பிரவுசரும் அந்த நிறுவனத்தையே நம்பிக்கைப் பட்டியல்ல இருந்து தூக்கிட்டாங்க. அதே செப்டம்பர்ல கம்பெனி திவால். 'பொய்யை அசல்னு சொன்னா உன் கடை மூடும்'ங்கிற விதி அங்க இருக்கு. ஆட்டோகிராஃப் சந்தையில அப்படி ஒரு விதி இல்ல. ஒரு பேர் கெட்டுப்போனா வேற பேர்ல புது ஹோலோகிராம் அடிச்சுக்கலாம்.

ஸ்ரீபுரந்தான் நடராஜரும் ஒரு கடிதமும்

"இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன?"ன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்லயும் ஒரு போலிக் காகிதம் பெரிய வேலை பார்த்திருக்கு. அதுல விலை பேசினது ஒரு சோழர் கால நடராஜருக்கு.

அரியலூர் மாவட்டத்துல ஸ்ரீபுரந்தான்னு ஒரு கிராமம். அங்க இருக்கற பழைய சிவன் கோயில்ல இருந்து 2006 வாக்குல வெண்கலச் சிலைகள் திருடு போச்சு. கோயில் பூட்டியே கிடந்ததால ரொம்ப நாள் யாருக்கும் தெரியல. அங்கிருந்த நடராஜர், நியூயார்க்ல சுபாஷ் கபூரோட கேலரிக்குப் போய், 2008ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விலை போனார்.

இவ்வளவு பெரிய மியூசியம் எப்படி வாங்குச்சு? காகிதம் இருந்துச்சு. டெல்லியில வேலை பார்த்த ஒரு சூடான் தூதரக அதிகாரி குடும்பம் 1970 வாக்குல இந்தச் சிலையை வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போச்சுங்கிற மாதிரி ஒரு கடிதம். ஏன் குறிப்பா அந்த வருஷம்? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970ல. இந்தியாவோட தொல்பொருள் சட்டம் 1972ல. அதுக்கு முன்னாடி வெளிய போனதுன்னு காட்டிட்டா கேள்வி குறையும். தேதியைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காங்க.

அந்தக் கதையை உடைச்சதும் ஒரு ஆவணம்தான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க திருட்டுக்கு ரொம்ப முன்னாடியே அந்தச் சிலைகளைப் போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க. 1990கள்ல தமிழ்நாட்டுக் கோயில்ல இருந்த சாமி, 1970ல எப்படி டெல்லியில விலைக்குப் போயிருக்க முடியும்? சிங்கப்பூர்ல இருந்த விஜயகுமார் மாதிரி ஆர்வலர்கள் படத்தையும் சிலையையும் பொருத்திக் காட்டினாங்க. 2011ல கபூர் ஜெர்மனியில கைதானார். 2013 டிசம்பர்ல அவர் கேலரி மேனேஜர் நியூயார்க் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டார். 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட்டே டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் குடுத்தார்.

இதுல யார் மேல தப்பு? திருடினவன், கடத்தினவன், பொய்க் கடிதம் தயாரிச்சவன், சரி. ஆனா வாங்கின மியூசியம்? எங்களை ஏமாத்திட்டாங்கன்னு அவங்க கபூர் மேல கேஸ் போட்டாங்க. உண்மைதான், ஏமாந்தாங்க. ஆனா பணமும் நிபுணர்களும் வக்கீல்களும் வச்சிருக்கற ஒரு அரசு நிறுவனம், புதுச்சேரிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாமே? அவங்களுக்கு அந்தக் கடிதம் உண்மையா இருக்கணும்னு ஆசை. ஆசைப்படுறவன் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டான். பேட் வாங்கினப்ப நானும் கேக்கல.

அசல் ஆளே போலி போட்டா?

இன்னொரு திருப்பமும் இருக்கு. 2022ல பாப் டிலன் எழுதின ஒரு புத்தகம். கையால கையெழுத்துப் போட்டது, 900 பிரதி, ஒன்னு 600 டாலர்னு பதிப்பாளர் வித்தாங்க. வாங்கின ரசிகர்கள் படத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தா, நான் கண்டுபிடிச்ச அதே விஷயம். கையெழுத்துகள் அப்படியே பொருந்துது. ஆட்டோபென்ங்கிற மெஷின் எழுதியிருக்கு. பதிப்பாளர் பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. தலைசுத்தல் பிரச்சினையால மெஷின் பயன்படுத்தினேன், தப்புதான்னு டிலன் மன்னிப்புக் கேட்டார். அசல் கலைஞர், அசல் பதிப்பாளர், அசல் கடிதம், கையெழுத்து மட்டும் மெஷினோடது.

இதுக்கு நேர் எதிரா இன்னொருத்தர். 'ஸ்டார் வார்ஸ்' நடிகர் மார்க் ஹாமில். ரசிகர்கள் வாங்கின கையெழுத்தோட படத்தை அனுப்பினா, இது என்னோடது, இது இல்லன்னு அவரே சொல்லிட்டிருந்தார். கலிபோர்னியாவுல விளையாட்டு ஆட்டோகிராஃபுக்கு மட்டும் இருந்த சட்டத்தை 2016ல மத்த பிரபலங்களுக்கும் நீட்டினப்ப அவர் அதுக்கு ஆதரவா நின்னார். அந்தச் சட்டம் பொறுப்பை விக்கிறவர் தலையில வைக்குது. அசல்னு சொல்லி வித்தா எழுதிக் குடு, பொய்யா போனா நஷ்டத்தைப் போல பத்து மடங்கு வரைக்கும் கட்டு. எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட புத்தகம் விக்கிற சின்னக் கடைகளும் இதுல மாட்டிக்குதுன்னு எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷமே புத்தகங்களுக்கு விலக்கு குடுத்தாங்க. பொறுப்பைத் தப்பான இடத்துல வச்சா நேர்மையா விக்கிறவரும் அடி வாங்குவார்ங்கிறதுக்கு அது ஒரு பாடம்.

அப்போ நான்?

நம்ம நாட்டுல என்ன சட்டம்? பாரதிய நியாய சன்ஹிதாவுல 336ஆவது பிரிவு போலி ஆவணம் தயாரிக்கிறதைப் பத்தினது. 'ஆவணம்'னா காகிதம் மட்டும் இல்ல, எந்தப் பொருள் மேல எழுத்தால பதிஞ்சிருந்தாலும் அந்த வரையறைக்குள்ள வரலாம். பேட்டும்கூட. என்னைத் தூங்க விடாதது 340ஆவது பிரிவு. போலின்னு தெரிஞ்சும், அல்லது போலின்னு நம்பக் காரணம் இருந்தும், நேர்மையில்லாம ஒரு ஆவணத்தை அசல் மாதிரி பயன்படுத்தினா, அதைத் தயாரிச்சவருக்கு உண்டான அதே தண்டனை. பழைய சட்டத்துல இது 471.

அதாவது, மூணு மாசத்துக்கு முன்னாடி நான் ஏமாந்தவன். அண்ணன் கிட்ட முப்பதாயிரம் வாங்கிட்டு வாயை மூடிட்டு இருந்தா, அந்த நிமிஷத்துல இருந்து ஏமாத்துறவன். பேட் மாறல, கையெழுத்து மாறல, எனக்குத் தெரிஞ்சது மட்டும்தான் மாறியிருக்கு.

என் முடிவு இதுதான். முதல் குத்தவாளி எழுதினவன், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஒருத்தன் உட்கார்ந்து எழுதினா மட்டும் சந்தை உருவாகாது. பார்க்காமலே அசல்னு முத்திரை குத்துறவர், கமிஷன் வாங்கிட்டு நான் வெறும் மேடைதான்னு கைகழுவுற தளம், குறைஞ்ச விலைன்னு கேள்வி கேக்காம வாங்குறவர், விஷயம் தெரிஞ்சும் அடுத்தவன் தலையில கட்டுறவர், எல்லாரும் சேர்ந்துதான் அந்தப் பொய்க்கு விலை குடுக்கறாங்க. யாருக்கு எவ்வளவு பங்குன்னு கேட்டா, சரிபார்க்க யாருக்கு எவ்வளவு வசதி இருந்துச்சோ அவ்வளவு. மியூசியத்துக்கு அதிகம். எங்க அப்பாவுக்கு ஒன்னுமே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேட்டையே பார்த்துட்டு இருந்தார். "எவ்வளவுடா குடுத்த?"ன்னு கேட்டார். சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். "பேட்டு இருக்கட்டும், நீ வாங்கிக் குடுத்தது. அந்த சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துரு. வர்றவங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது"ன்னார்.

அண்ணன்கிட்டயும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவர் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "தம்பி, என் கடையிலயும் ரெண்டு பந்து இருக்கு, சாயங்காலம் வந்து பாரு"ன்னார்.

போய்ப் பார்க்கணும். உங்க வீட்டுலயும் இப்படி ஏதாவது தொங்கிட்டு இருந்தா, முதல்ல சான்றிதழைப் படிங்க. அதுல யாரோட பேர் இருக்கு, அவரைத் தேடினா கிடைக்கறாரான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.