மேப்பிள் கட்டைக்கு இரண்டு கோடை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அடர்ந்த காட்டுக்குள்ளும் கல் அடுக்கிய வேலிகள் ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மெரினோ ஆடுகளுக்காகக் காட்டை அழித்தபோது போட்ட எல்லைகள் அவை. கம்பளி விலை விழுந்தது, குடியானவர்கள் பலர் மேற்கே போனார்கள், மரங்கள் திரும்பி வந்தன. இன்று மாநிலத்தின் முக்கால் பங்கு காடு. நாம் பின்தொடரும் விறகுக்கட்டை, அப்படியொரு கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் முளைத்த சர்க்கரை மேப்பிளிலிருந்து வருகிறது.

நெடுநெடுவென நேராக வளர்ந்த மேப்பிள் பலகைக்குப் போகும். தலை விரித்த மரத்தில் இனிப்புநீர் இறக்குவார்கள். விறகுக்கு விதித்தது கோணலும் உச்சி முறிந்ததும் நெரிசலில் நலிந்ததும்தான். குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும்போது வெட்டினால் இழுவை வண்டி சேற்றில் புதையாது. அடுப்பின் வாய்க்கு ஏற்ப 40 செ.மீ. துண்டுகளாக அறுப்பார்கள். கடுங்குளிரில் பிளப்பதும் சுலபம், ஓங்கிப் போட்டால் விண்டுவிடும்.

பிறகு கட்டை சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடப்பதுதான் வீட்டைச் சூடாக்க எண்ணெயிலிருந்து விறகுக்கு மாறும் பலருக்குப் பிடிபடுவதில்லை. பச்சை மேப்பிளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால், வீட்டுக்கு வர வேண்டிய சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். மண்ணில் படாமல், காற்று ஊடுருவ, மேலே மட்டும் மூடி அடுக்குகிறார்கள். மேப்பிளுக்கு ஒரு வருடம் போதும் என்பார்கள். எச்சரிக்கைக்காரர்கள் இரண்டு கோடை விடுவார்கள், நான் அவர்கள் பக்கம். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடும், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆக, இந்தக் குளிருக்கு எரியும் கட்டை, போன குளிருக்கு முன்பே வெட்டியதாக இருக்க வேண்டும்.

அங்கே விறகுக்கு அளவு 'கார்டு': 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம். நல்ல மேப்பிள் ஒரு கார்டு, 500 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய்க்கு ஈடு. விறகை மட்டுமே நம்பும் வீடு ஒரு குளிர்காலத்தில் பல கார்டுகளைத் தின்னும்.

இந்தக் கட்டைக்கு மறுபடி மவுசு வந்தது 1973 அக்டோபரில். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1975-இல் வெர்மான்டின் ராண்டால்ஃப் ஊரில் வெர்மான்ட் காஸ்டிங்ஸ் தொடங்கி, வார்ப்பிரும்புக் கணப்புகளை விற்றது. அந்தக் காலத்துக் காற்றுப்புகா கணப்புகளில் ஒரு வினை இருந்தது. விடிய விடிய எரியட்டும் என்று காற்றை அடைத்தால் கட்டை புகைந்தது. புகை குழாயில் படிந்து கிரியோசோட் என்னும் தாராகி, அதுவே தீப்பிடித்தது. விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதன் வாயுக்களில் இருக்கிறது. அவை எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடும் காற்றும் வேண்டும். 1988-இல் மத்திய அரசு புகைக்கு வரம்பு விதித்த பிறகு, பெரும்பாலும் வாயுவையும் எரிக்கும் அமைப்புள்ள கணப்புகளே விற்பனைக்கு வந்தன.

எண்ணெய்க் கொதிகலனுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை 1998 ஜனவரிப் பனிப்புயல் காட்டியது. கம்பிகள் அறுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, டாங்க் நிறைய எண்ணெய் வைத்திருந்தவர்களும் நடுங்கினார்கள். விறகுக்காரருக்கு வேறு தளை: வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போக முடியாது. கணப்பு அணைந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். விறகே போதும் என்று சொல்பவர்களில் பலர் பழைய கொதிகலனைக் கழற்றாமல் வைத்திருப்பது இதனால்தான். எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

எரிந்த பின் மிஞ்சும் சாம்பல் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தேறும். ஒரு காலத்தில் அதுவே பணப்பயிர். குடியேறிகள் சாம்பலைக் காய்ச்சிப் பொட்டாஷ் விற்றுக் கடன் அடைத்தார்கள். அமெரிக்காவின் முதல் காப்புரிமையே, 1790-இல், பொட்டாஷ் காய்ச்சும் முறைக்குத்தான். இப்போது மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே, பல நாள் ஆற வைக்கிறார்கள், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். வசந்தத்தில் அது காய்கறிப் பாத்திக்குப் போகும். புளூபெரிச் செடிப் பக்கம் மட்டும் கொட்ட மாட்டார்கள், அதற்கு அமில மண்தான் பிடிக்கும்.