உள்ளாட்சி அலுவலகக் கணினிகளைக் குறிவைக்கும் தீநிரல்கள்: கோப்புகளைக் காப்பது எப்படி?

பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு, முதியோர் ஓய்வூதியப் பட்டியல் என்று குடிமக்களின் அன்றாடத் தேவைகள் அனைத்தும் இன்று உள்ளாட்சி அலுவலகத்தின் கணினி வழியாகவே நிறைவேறுகின்றன. நாட்டில் சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகள் உள்ளன. அவற்றின் திட்டமிடல், கணக்கு, பணப் பட்டுவாடா ஆகியவற்றுக்கான இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி தொடங்கப்பட்டது. தாள் பதிவேடுகள் குறைந்து மின்கோப்புகள் பெருகிவரும் நிலையில், அவற்றை அழிக்கவோ முடக்கவோ திருடவோ முயலும் தீநிரல்களின் ஆபத்தும் கூடியுள்ளது.

பெருநகர மாநகராட்சிகளில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. சிற்றூர் அலுவலகங்களிலோ பெரும்பாலும் ஓரிரு கணினிகளும் ஒரு கணினி இயக்குபவரும் மட்டுமே இருப்பர். ஆகவே, பெரும் செலவின்றி அந்த அலுவலகங்களில் செய்யக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடுகளே முதன்மையானவை.

பூட்டப்படும் கோப்புகள்

கணினிக்குள் நுழைந்து தீங்கு விளைவிக்கும் எல்லா வகை நிரல்களுக்கும் பொதுப்பெயர் மால்வேர், அதாவது தீநிரல். அவற்றுள் அலுவலகங்களை அதிகம் அச்சுறுத்துவது ரேன்சம்வேர் எனப்படும் பணயத் தீநிரல். இது கோப்புகளை மறையாக்கம் செய்து, திறக்க இயலாதபடி பூட்டிவிடும். திறவுகோலைத் தர வேண்டுமானால் பிட்காயின் போன்ற மெய்நிகர் நாணயத்தில் பணம் செலுத்துமாறு திரையில் மிரட்டல் தோன்றும். அண்மைக் காலங்களில் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்பே அவற்றை நகலெடுத்து, வெளியிடப் போவதாக மிரட்டுவதும் வழக்கமாகியுள்ளது.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி தொடங்கிய வான்னாகிரை தாக்குதல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பாதித்தது. வார விடுமுறை முடிந்து மே 15ஆம் தேதி அலுவலகங்கள் திறந்தபோது, கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் உள்ள தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்தில் உள்ள அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணினிகள் முடங்கியிருந்தது தெரியவந்தது. கோப்புகளை விடுவிக்க 300 டாலர் மதிப்பிலான பிட்காயின் கோரப்பட்டது.

இந்தத் தாக்குதல் தடுத்திருக்கக்கூடியது. கோப்புகளைப் பகிர்வதற்காக விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த குறைபாடே வான்னாகிரைக்கு வழிவிட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்களாக அந்தத் திருத்தம் நிறுவப்படாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

முதல் அரண்: மென்பொருள் புதுப்பிப்பு

தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பது பல அலுவலகங்களில் காணப்படும் பழக்கம். இணைய வேகம் குறையும், வேலை நேரத்தில் கணினி மறுதொடக்கம் ஆகும் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். அலுவல் நேரம் முடிந்தபின் புதுப்பிப்பு நடைபெறுமாறு அமைத்துக்கொண்டால் இவ்விரு இடர்ப்பாடுகளும் நீங்கும்.

ஆதரவு முடிந்த இயங்குதளங்கள் தனிச் சிக்கல். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிவடைந்தன. நீட்டிக்கப்பட்ட ஆதரவு பெறாத கணினிகளுக்குப் புதிய திருத்தங்கள் கிடைக்காது. அத்தகைய கணினியை உடனே மாற்ற இயலாவிட்டால், அதை இணையத்திலிருந்து துண்டித்து, தட்டச்சு, அச்சு போன்ற பணிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயங்குதளத்துக்கு மாறுவதும் ஒரு வழி. ஆயினும் லினக்ஸ் என்பதாலேயே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. பிடிஎஃப் ஆவணம் போலத் தோற்றமளிக்கும் தீநிரல் கோப்புகள் மூலம், பாஸ் லினக்ஸ் பயன்படுத்தும் இந்திய அரசு அலுவலகங்களைக் குறிவைத்த தாக்குதல்கள் 2025இல் வெளிச்சத்துக்கு வந்தன.

தீநிரல் நுழையும் வழிகள்

மின்னஞ்சல் இணைப்பு, வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு, பென் டிரைவ், திருட்டு மென்பொருள், இணையத்துக்குத் திறந்துவிடப்பட்ட தொலைநிலை அணுகல் வசதி ஆகியவை முக்கிய நுழைவாயில்கள்.

சுற்றறிக்கை, ஒப்பந்தப்புள்ளி, நிலுவைப் பட்டியல் போன்ற பெயர்களில் வரும் கோப்புகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை விண்டோஸ் இயல்பாக மறைத்தே காட்டும். எனவே, டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ என்று முடியும் ஓர் இயங்கு நிரல், வெறும் பிடிஎஃப் ஆவணமாகவே கண்ணுக்குத் தெரியும். கோப்பு நீட்சிகளைக் காட்டுமாறு அமைப்பை மாற்றினால் இந்த ஏமாற்று உடனே புலப்படும். வேர்ட், எக்செல் கோப்புகள் மேக்ரோவை இயக்குமாறு கேட்டால், அனுப்பியவரைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு உறுதிசெய்யும் வரை அனுமதிக்கக் கூடாது. டாட் ஏபிகே என முடியும் செயலிக் கோப்புகளைக் கைப்பேசியில் நிறுவுவதும் ஆபத்தானது; ஓடிபி எண்கள் வந்து சேர்வது அதே கைப்பேசியில்தான்.

விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அது செயல்பாட்டில் உள்ளதா, அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது போதுமானது. குறிப்பிட்ட கோப்புறைகளில் அறியாத நிரல்கள் மாற்றம் செய்வதைத் தடுக்கும் வசதியும் அதில் உண்டு. அதை நாமே இயக்க வேண்டும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

யாருக்கு எந்தக் கோப்பு?

ஒரு பணியாளரின் கணினியில் நுழையும் தீநிரல், அந்தப் பணியாளர் எந்தெந்தக் கோப்புகளை மாற்ற முடியுமோ அவற்றையெல்லாம் மாற்ற முடியும். அலுவலகத்தின் பொதுக் கோப்புறையை அனைவருக்கும் முழு உரிமையுடன் திறந்து வைத்திருந்தால், ஒருவரின் தவறு எல்லோருடைய கோப்புகளையும் அழித்துவிடும். வரிப் பிரிவுக்கு வரிக் கோப்புகள், பொறியியல் பிரிவுக்குத் திட்டக் கோப்புகள் என்று பிரித்து, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் வழங்குவது முறையானது. அன்றாடப் பணிக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாமல், சாதாரணப் பயனர் கணக்கில் இயங்குவது மற்றுமோர் அடிப்படை விதி.

வலையமைப்பையும் இதேபோலப் பிரிக்க வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23ஆம் தேதி தெரியவந்த தாக்குதலில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவகுத்தது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உள்ளாட்சி அலுவலகத்திலும் பொதுமக்களுக்கான வைஃபை, சிசிடிவி கேமராக்கள், அலுவல் கணினிகள் ஆகிய மூன்றும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது. ரூட்டரின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுவதும், வான்னாகிரைக்கு வழிவிட்ட எஸ்எம்பி முதல் பதிப்பை முடக்குவதும் செலவில்லாத பணிகள்.

காப்புப்பிரதி

எல்லா அரண்களும் வீழ்ந்தபின் எஞ்சுவது காப்புப்பிரதி மட்டுமே. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், அவை இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது 3-2-1 விதி எனப்படுகிறது. கணினியில் எப்போதும் செருகியே இருக்கும் வெளிப்புற ஹார்டு டிஸ்க், நம்பத்தக்க காப்புப்பிரதி ஆகாது. தீநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். நகலெடுத்தவுடன் கழற்றி, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சில கோப்புகளையாவது மீட்டெடுத்துச் சோதித்தால்தான் அந்தப் பிரதி உண்மையில் பயன்படுமா என்பது தெரியும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி 2019 மே மாதம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 76,000 டாலர் மதிப்பிலான 13 பிட்காயினைத் தர நகர நிர்வாகம் மறுத்தது. மீட்புப் பணியும் வருவாய் இழப்பும் சேர்ந்து சுமார் 1.8 கோடி டாலர் ஆகும் என மதிப்பிடப்பட்டது. பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முன்கூட்டியே செய்யும் ஏற்பாடே மலிவானது.

கடவுச்சொல்லும் மின் கையொப்பமும்

எல்லா ஆபத்தும் தீநிரலால் மட்டுமே வருவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டம் சலோன் பகுதியில், கிராம வளர்ச்சி அலுவலர் ஒருவரின் பயனர் கணக்கு வழியாக ஆயிரக்கணக்கான போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டதாக 2024இல் புகார் எழுந்து, வழக்குப் பதிவு செய்யப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே போதுமான ஆவணமாகியுள்ளது. இந்நிலையில், ஒரு கடவுச்சொல் கைமாறுவதன் விளைவு மிகப் பெரிது.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டுவது, ஒப்பந்தப் பணியாளரிடம் ஒப்படைப்பது, பணியிட மாற்றத்துக்குப் பின்னும் பழைய கணக்கை முடக்காமல் விடுவது ஆகியவை கைவிடப்பட வேண்டியவை. பணப் பட்டுவாடாவுக்கு இருவரின் மின் கையொப்பம் தேவை என்ற ஏற்பாடு, ஒருவரை மற்றவர் சரிபார்ப்பதற்காக உருவானது. இருவரின் டோக்கன்களும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை.

சட்டம் சொல்வது

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் தேசிய அமைப்பு செர்ட்-இன். அது 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் அளிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அரசு நிறுவனங்களுக்கான தகவல் பாதுகாப்பு வழிகாட்டுதல்களையும் அந்த அமைப்பு 2023 ஜூன் 30ஆம் தேதி வெளியிட்டது. குடிமக்களின் தனிப்பட்ட தகவல்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது.

தாக்குதல் நேர்ந்தால் உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. பாதிக்கப்பட்ட கணினியின் இணையக் கம்பியைக் கழற்றி, வைஃபையை அணைக்க வேண்டும். பிற கணினிகளையும் வலையமைப்பிலிருந்து விலக்க வேண்டும்.

2. காப்புப்பிரதி உள்ள டிஸ்க்கை எக்காரணம் கொண்டும் அந்தக் கணினியில் செருகக் கூடாது.

3. மிரட்டல் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடனே ஃபார்மேட் செய்தால் தடயங்கள் அழிந்துவிடும்.

4. மேலதிகாரி, மாவட்டத் தேசியத் தகவல் மையம், செர்ட்-இன் ஆகியோருக்குத் தெரிவிக்க வேண்டும். செர்ட்-இன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949. பண இழப்பும் நேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

5. பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

6. கணினி முழுமையாகத் தூய்மை செய்யப்பட்டு, திருத்தங்கள் நிறுவப்பட்ட பின்னரே காப்புப்பிரதியிலிருந்து கோப்புகளை மீட்க வேண்டும்.

பொதுமக்களும் தங்கள் பங்குக்கு, வரி ரசீது, சான்றிதழ், அனுமதி ஆணை ஆகியவற்றின் நகலை வீட்டில் பத்திரப்படுத்துவது நல்லது. அலுவலகப் பதிவு அழிய நேரிட்டால், அதை மீண்டும் உருவாக்குவதற்கு அந்த நகலே சான்றாக நிற்கும்.