ஆள் இருக்கும் தெருவுக்கு ரயில்

1895 மே 7 அன்று மதராஸ் வீதியில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் வேறெந்த நகரத்துக்கும் அதுவரை கிடைக்காத வசதி அது. டிராமின் சிறப்பு வேகத்தில் இல்லை, அது போன வழியில் இருந்தது. கடைத்தெரு, கோயில் தெரு என்று ஜனம் எங்கே நடந்ததோ அங்கேயே தண்டவாளமும் கிடந்தது. வாசலில் இறங்கினால் மயிலாப்பூர், மவுண்ட் ரோடு. கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் டிராம் நின்றபோது, அந்த வசதியும் சேர்ந்தே போனது. அதன்பின் சென்னையில் ரயில் தடம் போட்டவர்கள் ஜனம் எங்கே இருக்கிறது என்பதைவிட நிலம் எங்கே சும்மா கிடக்கிறது என்பதையே அதிகம் பார்த்தார்கள். இன்றைய மெட்ரோவை அந்த வழக்கத்தைத் திருத்தும் முயற்சியாகத்தான் பார்க்க வேண்டும்.

டிராம் ஓடிய காலத்திலேயே மின்சார ரயிலும் வந்துவிட்டது. 1931-இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி விட்டது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஊர் தெற்கே நீண்டதற்கு அந்த வண்டியின் பங்கு பெரிது. ஆபீஸ் எழும்பூரில், வீடு தாம்பரத்தில் என்ற வாழ்க்கை அதனால்தான் சாத்தியமானது. மீட்டர் கேஜ் வண்டி 2004 ஜூலையில் ஓய்வு பெற்றது. அதே வழித்தடத்தில் அகலப் பாதை வண்டிகள் இன்றும் கூட்டம் பிதுங்க ஓடுகின்றன.

அடுத்து வந்தது பறக்கும் ரயில். அதற்கு நிலம் தேடியவர்களின் கண்ணில் பட்டது பக்கிங்காம் கால்வாய். 1877-78 பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதி அது. படகுப் போக்குவரத்து எப்போதோ ஓய்ந்திருந்தது. நிலம் அரசாங்கத்துடையது, வீடு இடிக்க வேண்டியதும் குறைவு. தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. தண்ணீர் ஓட வேண்டிய இடம் சுருங்கியது, ஒவ்வொரு பெருமழையிலும் அதன் பலனை அக்கம்பக்கத்தார் அனுபவித்தார்கள். 1995-இல் சேப்பாக்கம், 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி என்று ரயில் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

திருமயிலை நிலையத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாளிகை மாதிரி கட்டடம், வணிகத்துக்கென்று கட்டிய தளங்கள், ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலைகள். மாட வீதியிலிருந்து நடந்து வந்து, படியேறி, பிளாட்பாரத்தை அடைவதற்குள் கீழே இரண்டு பஸ் போய்விடும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கால், தூண்கள் ஆண்டுக்கணக்கில் மொட்டையாக நின்றன. அந்த அரை கிலோமீட்டருக்காக மூன்று ரயில் தடங்களின் சந்திப்பு தள்ளிப்போனதைப் பெரிய நஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

மெட்ரோ வேறு வழி எடுத்தது. 2007 டிசம்பரில் நிறுவனம் பதிவானது, 2009-இல் மத்திய அரசின் ஒப்புதலும் ஜப்பானியக் கடனும் கைகூட வேலை தொடங்கியது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. முழுத் தூரத்துக்குக் கட்டணம் 40 ரூபாய். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், வேலைக்குப் போகும் கூட்டமாக மாறச் சில ஆண்டுகள் ஆயின.

காரணம், அண்ணா சாலைத் தடம் தாமதமானதுதான். அங்கே மேம்பாலத் தடம் போட இடமில்லை, பூமிக்கடியில்தான் போக வேண்டும். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முகத்தில் வெட்டுச் சக்கரம் சுழன்று மண்ணைக் குடையும். பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டுவார்கள். பூட்டிய வளையத்தை உதைத்துக்கொண்டே இயந்திரம் முன்னேறும். வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் தள்ளும் அழுத்தத்துக்கு ஈடாக உள்ளேயும் அழுத்தம் இருந்தால்தான் மேலே ரோடு நிற்கும். சென்னையின் மண்ணோ ஒரே ரகம் இல்லை. சில அடியில் பாறை, அடுத்த சில அடியில் பொலபொலவென்ற மணல். 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே 25ஜி பஸ்ஸும் ஒரு காரும் சாலையோடு சேர்ந்து குழிக்குள் இறங்கின. உயிர்ச்சேதம் இல்லை. பாதியில் விலகிய ஒப்பந்ததாரர், மறுடெண்டர் என்று அதற்கு முன்பே அந்தத் தடம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பட்டிருந்தது.

2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாக வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடியது. 2021-இல் விம்கோ நகரையும் தொட்டு மொத்தம் 54.1 கிலோமீட்டர் ஆனது. அதே ஆண்டு அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்தது. 2024-இல் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள். வடசென்னைக்கு மெட்ரோ எதற்கு என்று ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கு, காலை நேரத்துத் தண்டையார்பேட்டை நிலையமே பதில்.

இப்போது நடப்பது இரண்டாம் கட்டம்: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி என்று மூன்று தடங்கள். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியும், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை பெரும் சுமை மாநிலத்தின் தலையில். இந்த ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கம் சோதனை ஓட்டமும் நடந்தது. சுரங்க இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, காவேரி, பிளமிங்கோ என்று மலை, நதி, பறவைப் பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். ஆற்காடு சாலையில் இரண்டு தடங்கள் ஒரே தூண்வரிசையில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. மயிலாப்பூரில் இரு தடங்கள் சந்திக்கும் நிலையமோ பூமிக்குள் பல அடுக்காக இறங்குகிறது. லஸ் வட்டாரத்துக் கடைக்காரர்கள் தகரத் தடுப்புக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வியாபாரம் செய்கிறார்கள். ஜனம் இருக்கும் இடத்துக்கே ரயில் வர வேண்டும் என்றால் இந்தச் செலவும் சிரமமும் உண்டு. கால்வாய் ஓரமாகப் போயிருந்தால் இரண்டும் மிச்சம், பயணிகளும் மிச்சம்.

அடுத்த திட்டங்கள் பேச்சில் உள்ளன: கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர், விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம். இவற்றில் கிளாம்பாக்கம்தான் முதலில் வர வேண்டும். 2023 டிசம்பரில் அங்கே வெளியூர்ப் பேருந்து நிலையம் திறந்தார்கள், ரயில் இணைப்பு இல்லாமலேயே. தென்மாவட்டத்துப் பஸ்ஸில் விடியற்காலையில் வந்து இறங்குபவர், மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்தைத் தேடுகிறார். விமான நிலையத்திலிருந்து அங்கே 15.46 கிலோமீட்டர்தான்.