மூன்றாம் பிரிவின் பத்து விழுக்காடு: உள்ளாட்சி வழக்கறிஞரின் வெற்றிக் கூலி

அமெரிக்க நகரங்களும் கவுண்டிகளும் ‘ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை’ என்று தனியார் வழக்கறிஞரை அமர்த்தும் வழக்கத்தை 1990களின் புகையிலை வழக்குகளிலிருந்து தொடங்குவதே மரபாகிவிட்டது. இன்னும் பின்னே போகிறவர்கள் 1985இன் க்ளான்சி தீர்ப்போடு நின்றுவிடுகிறார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2010இல், சாண்டா கிளாரா வழக்கில், படித்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கொரோனா நகரம் ஓர் ஆபாசப் புத்தகக் கடையைப் பொதுத் தொல்லை என்று மூட முனைந்தது. அதற்கு அமர்த்திய ஜேம்ஸ் க்ளான்சிக்கு மணிக்கு 60 டாலர், தோற்றால் 30. அரசின் பெயரால் வழக்காடுபவருக்கு முடிவில் சொந்த ஆதாயம் இருக்கலாகாது என்று நீதிமன்றம் அவரை விலக்கியது. 2010இல் ஈயப் பெயின்ட் உற்பத்தியாளர்கள்மேல் கவுண்டிகளும் நகரங்களும் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ரோனால்ட் ஜார்ஜ் இந்தத் தடையைச் சுருக்கினார். கொரோனாவில் நடந்துகொண்டிருந்த ஒரு தொழிலும் பேச்சுரிமையும் பணயமாயிருந்தன; ஈயப் பெயின்டோ வெகுகாலம் முன்பே தடையானது. ஆகவே கடிவாளம் அரசு வழக்கறிஞர் கையில் இருந்தால் போதும் என்றார். வெளி வழக்கறிஞரின் முடிவை மறுக்கும் அதிகாரம், சமரசத்தில் இறுதிச் சொல், மூத்த அரசு வழக்கறிஞர் ஒருவரின் நேரடி ஈடுபாடு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார்.

சாதாரண சிவில் வழக்குகளில் வெற்றிக் கூலி ஆகும் என்று 1985 தீர்ப்பே வாசலைத் திறந்துவைத்ததை மறைக்க மாட்டேன். ஆனால் அத்தீர்ப்பின் நெஞ்சம் ஊதியத்தில் இருக்கிறது. 2010இன் மருந்தோ மேற்பார்வை. நோய் ஓரிடம், பற்று வேறிடம். க்ளான்சி தோற்றாலும் பாதிக் கூலி வாங்கியிருப்பார். ஈயப் பெயின்ட் வழக்கறிஞருக்குத் தோல்வியில் கூலியே இல்லை. ஆதாயத்தின் இழுப்பை வைத்து அளந்தால், விலக்கப்பட்டவரைவிட அனுமதிக்கப்பட்டவருக்கே பணயம் பெரிது. தவிர, ஆள்பலமும் பணமும் போதாமல்தானே அலுவலகம் வெளியாளைத் தேடுகிறது? அதே அலுவலகம் அவரை உண்மையில் எவ்வளவு மேற்பார்க்கும்?

இந்த ஐயத்தோடு தேடியபோதுதான் ஓஹியோவின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரின் அவசர ஊர் விதி ஒன்று என்னை நிறுத்தியது. மதுவிலக்குக் காலத்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1927 ட்யூமி தீர்ப்புக்குள் அப்படியே பதிந்திருக்கிறது. எல்லோரும் அதன் ஐந்தாம் பிரிவையே படிக்கிறார்கள்: மேயரே நீதிபதி, தண்டித்தால் மட்டும் செலவுத்தொகை அவருக்கு. குற்றம் சாட்டப்பட்ட ட்யூமிக்கு 100 டாலர் அபராதம்; மேயருக்கு 12 டாலர். மூன்றாம் பிரிவை யாரும் பொருட்படுத்துவதில்லை. மது வழக்கை நடத்தும் வழக்கறிஞருக்கு, வசூலான அபராதத்தில் நூற்றுக்குப் பத்துக்குச் சமமான தொகை என்கிறது அது. ‘விதித்த’ அபராதமல்ல, ‘வசூலான’ அபராதம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தண்டனை மட்டும் போதாது; பணம் ஊர்க் கஜானாவுக்கு வந்து சேரவேண்டும். அப்பணத்தில் ஊரின் பங்கில் பாதி ‘ரகசிய சேவை நிதி’ என்ற தனிக்கணக்குக்குப் போகும். அங்கிருந்துதான் வழக்கறிஞருக்குப் பட்டுவாடா.

இங்கே உள்ளாட்சி இருக்கிறது, முடிவைப் பொறுத்த கூலி இருக்கிறது, மீட்ட தொகையில் விழுக்காடும் இருக்கிறது. புகையிலை வழக்குகளுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு முன்பே, அதுவும் கிரிமினல் வழக்கில், இதைக் காண்கிறோம். அதனால் தொடக்க ஆண்டை 1985 என்றோ 1990கள் என்றோ நிறுத்த முடியாது. அதற்காக 1920களையும் தொடக்கம் என்று அடித்துச் சொல்லமாட்டேன்: ஓஹியோவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மறைத்த வரியைத் துப்பறிந்தவர்களுக்கு வசூலில் பங்கு கொடுத்தார்கள். சிற்றூர் விதியிலிருந்து கொரோனாவின் 60 டாலருக்கு நேர்க்கோடு இழுக்கவும் துணியேன். இரண்டும் ஒரே நெருக்கடியில் தனித்தனியே முளைத்திருக்கலாம்.

வெற்றிக் கூலி இல்லாதிருந்தால் 2000இல் தொடங்கிய ஈயப் பெயின்ட் வழக்கு 2019இல் 30.5 கோடி டாலர் சமரசம்வரை வந்திராது என்பார்கள். உண்மையாயிருக்கலாம். தேவை இருந்தது என்பதால் 2010இன் வாசிப்பு சரியாகிவிடாது. ட்யூமி வழக்கில் தலைமை நீதிபதி டாஃப்ட் தள்ளியது மேயரின் 12 டாலரை. மூன்றாம் பிரிவின் பத்து விழுக்காடு செல்லுமா என்ற கேள்வி அன்று அவர் தீர்க்கவேண்டியதாக இருக்கவில்லை.