துயில்கொள்ளும் சிற்றுயிர்: ஒரு பெயரின் சமூக வரலாறு

சொற்பிறப்பாராய்ச்சி, வேர்ச்சொல்லைக் கண்டதுடன் தன் பணி முடிந்ததெனக் கருதிவிடுவதுண்டு. ஆயின், சொல்லின் பொருள் அதனை வழங்கிய மக்களின் வாழ்நிலையிலும் தங்கியுள்ளது. ஐரோப்பியக் காடுகளிலே குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும் 'டோமவுஸ்' என்னும் சிறு பிராணியின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலத்திலே இப்பெயரின் பிற்பகுதி சுண்டெலியைக் குறிப்பது. விலங்கியல் வகைப்பாட்டிலோ இப்பிராணி எலியிலும் அணிலுக்கே நெருங்கியது. 15ஆம் நூற்றாண்டளவில் எழுத்திலே காணப்படும் இச்சொல், 'உறங்குவது' எனப் பொருள்படும் ஆங்கிலோ-நோர்மன் சொல்லொன்றின் திரிபாகலாம் என்பது பலரது கருத்து. 1066இன் பின்னர் இங்கிலாந்திலே ஆளும் வர்க்கத்தின் மொழியாக விளங்கியது பிரெஞ்சு. பொருள் விளங்காத அயற்சொல்லின் ஈற்றினைப் பொதுமக்கள் தாமறிந்த எலியாக மாற்றினர் போலும். இத்தகைய மாற்றத்தைப் பாமரர் பிழையென ஒதுக்குவோர் உளர். ஆள்வோரின் சொல்லை ஆளப்பட்டோர் தமதாக்கிக்கொண்ட முறையாக இதனை நோக்குவதே பொருத்தமாகும்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வகையொன்றை உரோமர் 'கிளிஸ்' என்றனர். ஜேர்மன் மொழியிலே அதன் பெயர் 'ஏழுறங்கி'. ஏறத்தாழ ஏழு மாத உறக்கத்தை அது சுட்டும். கி.மு. 37இல் வாறோ எழுதிய வேளாண்மை நூல், உட்புறத்தே படிகள் அமைந்த மட்சாடிகளில் இவற்றை இருளில் அடைத்து, ஓக்கு விதைகளும் கொட்டைகளும் ஊட்டிக் கொழுக்கவைக்கும் முறையை விவரிக்கின்றது. அடிமைகளின் உழைப்பில் நிலைத்த பண்ணைப் பொருளாதாரமே இதன் பின்னணி. கி.மு. 115இல் கொன்சலாகவிருந்த ஸ்கோரஸ் விருந்துகளிலே இவ்வுணவைத் தடைசெய்தார் எனப் பிளினி கூறுவார். எனினும் ஆடம்பரம் ஒழியவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டிலே செல்வர் தம் விருந்துகளில் இவற்றைத் தராசிலிட்டு நிறுத்து, எழுத்தர்களைக் கொண்டு பதிவுசெய்வித்ததை அம்மியானுஸ் எள்ளி நகையாடினார்.

இதே உயிரினத்தை இன்றைய சுலோவீனியாவின் குடியானவர்கள் வேறு தேவைக்காக நாடினர். அவர்கள் அதனை வேட்டையாடியமை பற்றி வால்வாசோர் 1689இல் எழுதினார். இறைச்சி உணவாயிற்று, கொழுப்பு மருந்தாயிற்று, தோல் குளிர்காலத் தொப்பியாயிற்று.

உரோமச் செல்வருக்கு இவ்வுயிர் அந்தஸ்தின் அளவுகோல். மலைநாட்டுக் குடியானவருக்கோ வாழ்க்கைத் தேவை. அகராதி 'உறங்குவது' என்ற பொருளுடன் நின்றுவிடும். அதனை ஊட்டி வளர்த்த கைகள் எவருடையவை, நிறுத்து மகிழ்ந்தோர் எவர், உண்டு குளிர்காலத்தைக் கடந்தோர் எவர் என்னும் வினாக்களை எழுப்புவது சமூக வரலாற்று நோக்கின் கடமையாகும்.