ஊவா மலைமண்ணும் உக்கலும்

ஒரு நாட்டின் வரலாறு ஏட்டில் எழுதப்படுவது போலவே அந்நாட்டு மண்ணின் மேற்படையிலும் எழுதப்படுகின்றது. எல்ல, பண்டாரவளை, பதுளை என்னும் இடங்களைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

மண்ணில் வீழ்ந்த இலையும் மடிந்த வேரும் நுண்ணுயிர்களாற் சிதைவுற்று எஞ்சும் கரிய சேதனப் பொருளே உக்கல் எனப்படும். 1786ஆம் ஆண்டில் அக்காட் என்னும் செருமானிய அறிஞர் முற்றா நிலக்கரியைக் காரத்திற் கரைத்து, அக்கரைசலில் அமிலமிட்டு, இக்கரும்பொருளை வீழ்படிவாகப் பெற்றார். பின்னர் சுவீடன் நாட்டுப் பேர்சீலியசு ஊற்று நீரிலும் இத்தகைய அமிலங்கள் கரைந்திருத்தலைக் கண்டார்.

1840ஆம் ஆண்டு இருவகையால் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டிலே இலங்கை ஆங்கில அரசு முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தை இயற்றிற்று. மலைக்காடுகள் கோப்பித் துரைமார் கைக்கு மாறுதற்கு அது வழிவகுத்தது. அவ்வாண்டிலேயே லீபிக் என்னும் இரசாயன அறிஞர், பயிர் தன் காபனை உக்கலினின்றன்றி வளியினின்றே பெறுகின்றதென நூலெழுதி நிறுவினார். அக்கூற்று உண்மையே. ஆயின், உக்கல் பயிருக்கு உணவன்றெனின் அதனாற் பயனில்லை எனக் கொண்டோர் பிழைபட்டனர். மண் சில உப்புக்களைப் பற்றிவைத்து வேறு சிலவற்றை விடுவிக்கின்றதென 1850இல் வே என்பார் காட்டினார். களியோடு உக்கலும் இத்தொழிலைச் செய்தல் பிற்காலத்தே தெளிவாயிற்று.

மழையாற் கழுவுண்ட மலைநாட்டுச் செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைற்றுக் களி, பொற்றாசியம், கல்சியம் முதலியவற்றைச் சிறிதே பற்ற வல்லது. எடைக்கு எடை நோக்கின் உக்கல் அதனிற் பன்மடங்கு பற்றும். அமில மண்ணில் விடுபடும் அலுமினியத்தையும் பிணைத்து அடக்கும். எனவே, உக்கல் பயிருணவைக் காக்கும் களஞ்சியம் எனலாம்.

கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டபோது, சாம்பல் சில ஆண்டு செழிப்பைத் தந்தது. களஞ்சியமோ கரையத் தொடங்கிற்று. 1869இல் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கையிற் கொடுக்கப்பட்ட சுரண்டி, ஒரு புல்லும் இராதவாறு சரிவுகளைச் சுரண்டிற்று. 'துப்புரவான தோட்டம்' என அக்காலத்துப் புகழப்பட்டது, மாரிக்கு மேல்மண்ணைத் தாரைவார்த்த தோட்டமேயாகும்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1931இல் மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், கவ்வாத்துக் கழிவைப் புதைத்தல், முள்முருக்கு நடுதல், குவாத்தமாலாப் புல் வளர்த்தல் ஆகியன பரவின. எனினும், சென்ற மண் மீண்டிலது. ஊவாவில் அரிக்கப்பட்ட மண்ணை உமா ஓயா சுமந்து சென்று இரந்தம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்க்கின்றது.

நீரிற் கரைந்து செல்லும் உக்கற் பொருளும் வாளாவிருப்பதில்லை. அது நீருக்குப் பழுப்பு நிறமூட்டும். இரும்பைப் பிணைத்துச் சுமக்கும். அத்தகைய நீரிற் குளோரீன் இடப்படின் குளோரபோம் முதலிய பொருள்கள் தோன்றுமென 1974இல் ஒல்லாந்து நாட்டு ரூக் என்பார் வெளியிட்டார். மண்ணில் நிலைத்து நன்மை செய்வது, இடம்பெயர்ந்தவழி இடர் செய்தலை ஈண்டுக் காண்க.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு, 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகத் தாழ்ந்தது. உரத் தட்டுப்பாடு அதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று. களஞ்சியம் இருந்தாற் போதும், நெல் வேண்டா என்றது இத்தவறு. நெல் இருந்தாற் போதும், களஞ்சியம் வேண்டா என்றது முன்னைய தவறு. இரண்டின் விலையையும் கொழுந்து பறிக்கும் பெண்ணே செலுத்துகின்றாள். நிறை குறைந்த நாளில் அவளுக்கு முழுப்பேர் இல்லை, அரைப்பேரே. மண்ணின் வரலாற்றைக் கற்போர் அவள் கூடையின் நிறையையும் மறவாது நோக்குதல் கடன்.